மாப்பிள்ளையின் முகம்

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? சூளைப் பக்கம் நின்று வேர்த்த உடம்போடு ஏசி அறைக்குள் போகாதே என்று உன் அண்ணி எழுதச் சொன்னாள். அவளுடைய தையல் மெஷின் மறுபடி மக்கர் பண்ணுகிறது. அதைத் திட்டிக்கொண்டே தைக்கிறாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேலி செய்வது தெரியும். போனை எடுத்தால் கடைசிவரை அவள்தான் பேசுகிறாள். எனக்குக் கிடைப்பது “சரி, வச்சிடட்டுமா” மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார்.

நம் மாப்பிள்ளையை நீ மறந்திருக்க மாட்டாய். எழுநூறு எண்ணூறு வருஷத்துப் பாரசீகக் கிண்ணம். பால் நிறத்தின்மேல் தேன் நிறத்தில் ஒரு புள்ளிக் குதிரை, அதன்மேல் வட்ட முகத்தோடு நம் ஆள். நீ கடைசியாக மியூசியத்துக்கு வந்தபோது அவர் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு, “பொண்ணு பார்க்க வந்துட்டு குதிரைய விட்டு இறங்கக் கூச்சப்படறாரு”ன்னு சொன்னாயே, அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். நான் காவல் காக்கும் அறையில் நட்சத்திர ஓடுகள் இருக்கின்றன, பித்தளைப் பேனாப் பெட்டி இருக்கிறது, தொந்தி வைத்த நீல ஜாடி இருக்கிறது. ஆனால் என் நாற்காலிக்கு நேர் எதிரே இருப்பவர் அவர்தான்.

நவம்பரில் சுத்தம் செய்ய எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்துப் போனது பஞ்சு மேடம். பழைய பொருள்களைப் பழுது பார்க்கிறவர். கையில் எப்போதும் குச்சியும் பஞ்சுமாக இருப்பதால் எங்களுக்குள் அவருக்கு அந்தப் பெயர். போன திங்கட்கிழமை கிண்ணத்தைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது அவர் இல்லை.

பழையவர் நேராகப் பார்ப்பார். கரிய கண்கள், சின்ன வாய், சிரிப்பை இப்போதுதான் விழுங்கினது போல ஒரு முகம். இப்போது வந்திருப்பவர் முகத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். முகமும் தேய்ந்து வெளிறிக் கிடக்கிறது. குதிரை அப்படியே இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் ஆள் வேறு.

அடுத்த அறைக் காவலரிடம் சொன்னேன். “கிண்ணம் கிண்ணமாத்தானே இருக்கு, டீ சாப்பிடப் போலாமா?” என்றார். பதிவேட்டில் ஒரு பழைய போட்டோ உண்டு. கட்டைவிரல் அளவு. ஃபிளாஷ் வெளிச்சம் சரியாக முகத்தில் விழுந்து முகமே தெரியாது. பார்க்க வருகிறவர்கள் எடுத்த போட்டோ ஏதாவது இருக்குமா என்றால், அறைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. இருபத்தாறு வருஷமாக விடாமல் தடுத்தது நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். தோள் பரவாயில்லை, தூக்கினால்தான் வலிக்கிறது, அதனால் தூக்குவதில்லை. அண்ணியை மெஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள். எண்ணெய் போடாமல் திட்டினால் அது என்ன செய்யும்?

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துத் தனியாகச் சிரித்தேன். மாப்பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்கிறார் என்றால் பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், பாவம்.

சிரிப்பு இருக்கட்டும். இருபத்தாறு வருஷம் எதிரில் உட்கார்ந்தவர் சொன்னால் ஏதோ இருக்கத்தான் செய்யும். நான் இங்கே ஓட்டுத் தொழிற்சாலையில், ஓட்டின்மேல் பூசுகிற கண்ணாடிப் பூச்சான கிளேஸ் கலக்குகிறவள். நாங்கள் செய்வது குளியலறைச் சுவருக்கு, அவர்கள் செய்தது சுல்தானுக்கு. ஆனாலும் மண்ணும் நெருப்பும் ஒன்றுதான். சுத்தம் செய்தால் சில சமயம் ஒரு பொருள் ஆளே மாறிப்போகும். அவசரப்படாமல் நேராகப் பஞ்சு மேடத்திடமே ஒரு வார்த்தை கேளுங்கள். “மேடம், முகம் மாறின மாதிரி இருக்கே”ன்னு. அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லுங்கள், எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி.

உங்கள் தங்கச்சி


மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல். முட்டிவலிக்கு ஒரு களிம்பு வாங்கியிருக்கிறேன். வீடெல்லாம் அதன் வாடைதான்.

நீ எழுதினதைப் படித்தேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாயிற்று. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாயிற்று. இனி அவர்கள் பாடு.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் தைக்கக் கிடைத்திருக்கிறது. வீட்டில் நடக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் சட்டைக் கை.

உன் அண்ணன்


மார்ச் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். களிம்பை ராத்திரி மட்டும் போடுங்கள், பகலில் போட்டுக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.

மேடம் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. சட்டைக் கை பற்றி எழுதினீர்கள்.

கிண்ணம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் சோதனை அறைப் பெண்களிடம்கூடச் சொன்னேன். கிண்ணம் மாறியதா இல்லையா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. பழைய கிளேஸில் மயிரிழை விரிசல்கள் வலை மாதிரி ஓடும். அது உள்ளங்கை ரேகை போல; ஒன்றில் ஓடுவது போல இன்னொன்றில் ஓடாது, யாரும் அதைக் காப்பியடிக்கவும் முடியாது. குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே ஓர் ஆறு இரண்டாகப் பிரிகிற மாதிரி ஒரு விரிசல் இருக்கும் என்று முன்பெல்லாம் சொல்வீர்கள். அது இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம். காலைப் பாருங்கள்.

அண்ணிக்குச் சட்டைக் கைகள் சீக்கிரம் தீரட்டும்.

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அண்ணி, “நல்லா இருக்காரு, குளிக்கிறாரு” என்றாள். அதற்கு முந்தின ஞாயிறும் குளித்துக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே ஒரு சூளை நின்றுபோய் நாலு நாள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இப்போது சரியாகிவிட்டது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி


மே 6

அன்பான சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா? நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது, பிழை இருந்தால் மன்னித்துக்கொள். உன் அண்ணனுக்கு இது தெரியாது.

அவர் குளிக்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தார். போனை நீட்டினால் கையை ஆட்டினார்.

அவர் பஞ்சு மேடத்திடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நேராக மேலிடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். நல்ல கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள், கடைசியாக அதைத் தொட்டது அந்த அம்மாதான் என்று பேரைப் போட்டே எழுதியிருக்கிறார். நான் படித்துப் பார்த்தேன், நல்ல கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த அம்மாவை வேலைக்கூடத்துக்குள்ளேயே விடுவதில்லை. விசாரணை முடிகிறவரை சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். சுத்தம் செய்ததற்கு முறையாக ஒரு குறிப்புகூட அவர் எழுதி வைக்கவில்லையாம். முந்தி எடுத்த படமும் இல்லையாம். “துடைச்சேன், முகம் கரைஞ்சு வந்துடுச்சு, கீழே வேற முகம் இருந்தது” என்கிறாராம். யாரும் நம்பவில்லை. உன் அண்ணனையும் அந்த அறையிலிருந்து எடுத்து வெளி வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள், சாட்சி என்பதால். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று, “உங்க வீட்டுக்காரர் இருக்காரா, ரெண்டு நிமிஷம் பேசணும்” என்றார். சத்தம் போடவில்லை. இவர் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு இல்லை என்று சொல்லச் சொல்லி சைகை காட்டினார். நான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “சரிம்மா” என்று போய்விட்டார். அதிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

உனக்குத்தான் இந்த மண்ணு விஷயமெல்லாம் தெரியும். நீ சொன்னால் கேட்பார்.

அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் முட்டியும் மனசும் நலமா?

எனக்கு எல்லாம் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். திட்டவும் போவதில்லை, திட்டுகிற வயசில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கிண்ணத்தில் இருக்கிற தேன் நிறம் சாயம் இல்லை. வெள்ளியும் செம்பும். முதலில் பால் நிறக் கிளேஸ் போட்டுச் சுட்டு எடுப்பார்கள். அப்புறம் வெள்ளியையும் செம்பையும் களிமண்ணோடு குழைத்து அதன்மேல் வரைந்து இரண்டாம் தடவை சூளையில் வைப்பார்கள். இந்தத் தடவை காற்றை அடைத்து, புகையிலேயே வேகவிடுவார்கள். வெளியே எடுத்துக் கரியைத் துடைத்தால் மண்மேல் உலோகம் படிந்திருக்கும். நேராகப் பார்த்தால் வெறும் பழுப்பு. சாய்வாக வெளிச்சம் பட்டால் தங்கம் மாதிரி மின்னும். இன்றைக்குக்கூட எங்கள் சூளையில் செய்து பார்த்தால் பத்தில் எட்டு கெட்டுப்போகும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிண்ணங்களை விற்ற வியாபாரிகள், தேய்ந்துபோன இடத்தில் சாதாரண எண்ணெய்ச் சாயத்தைப் பூசிப் புதுசாக வரைந்து விடுவார்களாம். முகம் தேய்ந்திருந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார் அல்லவா? அந்தச் சாயம் பார்க்க அதே நிறம்தான். ஆனால் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் மின்னாது. பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்தால் கரைந்து வந்துவிடும்.

உங்கள் அறையில் காலை பத்து மணிக்கு மேல் சன்னலில் இருந்து வெயில் சாய்ந்து விழும். அப்போது குதிரை மின்னும் என்று நீங்களே எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். இந்த இருபத்தாறு வருஷத்தில் மாப்பிள்ளையின் முகம் என்றைக்காவது மின்னியதா?

பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் தங்கச்சி


மே 30

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது.

இப்போது வாசலில் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். வாசல் நல்லதுதான். காற்று வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை வலதுபக்கம் கை காட்டுகிறேன். நேற்று உன் அண்ணி வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டதற்கும் வலதுபக்கம் கை காட்டிவிட்டேன்.

மழை வரும் போலிருக்கிறது. விசாரணை ஜூலை இரண்டாம் தேதி.

உன் அண்ணன்


ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணிக்கு அன்பு.

குதிரைக் காலுக்குக் கீழே விரிசல் இருக்கிறதா என்று மார்ச்சில் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் தங்கச்சி


ஜூலை 4

அன்புத் தங்கச்சிக்கு,

நீ நலமா? நான் இன்று நலம் என்று எழுதினால் அது பொய் இல்லை.

விரிசல் இருக்கிறது. இரண்டாகப் பிரிகிற அதே ஆறு. நீ கேட்டதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். புகார் கொடுத்து ஆறாம் நாள் காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தபோது கண்ணில் பட்டது. ஆனால் அதற்குள் காகிதம் மேலே போய்விட்டது. போலி செய்கிறவன் அதையும் பார்த்து வரைந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் காப்பியடிக்க முடியாது என்று நீ எழுதின பிறகு உனக்கு எழுதவே பயமாகப் போய்விட்டது.

முகமும் மின்னியதில்லை, தங்கச்சி. ஒரு நாளும் இல்லை. பத்து மணி வெயிலில் குதிரை மின்னும், கடிவாளம் மின்னும், சட்டையில் இருக்கிற கொடியெல்லாம் மின்னும். முகம் மட்டும் அப்படியே இருக்கும். இவருக்குக் கூச்சம் அதிகம், வெயில் பட்டாலும் காட்டிக்கொள்ள மாட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எதற்காக அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புகார் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் பார்க்க வந்திருந்தது. நட்சத்திர ஓடு எப்படிச் செய்வார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பஞ்சு மேடம் அந்தப் பக்கமாகப் போனவர், “அவர் காவலர்ங்க, அவருக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்” என்று வந்து நின்றுகொண்டார். அவ்வளவுதான். அன்றைக்கே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. புகாரை எழுதும்போது, ‘எனக்கு என்ன தெரியும்னு இப்ப பாருங்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினேன். அதனால்தான் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்தது.

விசாரணைக்கு உன் அண்ணி சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். தாழ்வாரத்து பெஞ்சில் அந்த அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இயக்குநர். பெரிய மரியாதையாகப் பேசினார். “உக்காருங்க. உங்க மாதிரி ஆளுங்கதான் இந்த மியூசியத்துக்குக் கண்ணு. நாங்க உங்களை நம்பறோம். இந்த வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, திங்கட்கிழமையே உங்க அறைக்குப் போயிடலாம்.”

தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றித் தந்தார்.

எனக்கு அந்த நாற்காலி கண்முன்னால் வந்தது. பொய் சொல்லமாட்டேன், அரை நிமிஷம் யோசித்தேன்.

“ஐயா, கிண்ணம் மாறலைங்க” என்றேன்.

“என்ன சொல்றீங்க? நீங்கதானே மாறிடுச்சுன்னு எழுதினீங்க?”

“எழுதினது தப்புங்க. முகம் மாறினது நிஜம். கிண்ணம் அதேதான். பழைய முகம் யாரோ பிற்பாடு பூசினது. மேடம் துடைச்சதுல போயிடுச்சு.”

“இது உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது? அந்த அம்மா வீட்டுக்கு வந்தாங்களா?”

“வந்தாங்க. நான் பார்க்கலைங்க. எனக்குச் சொன்னது என் தங்கச்சி. ஓட்டுத் தொழிற்சாலையில கிளேஸ் கலக்கறா.”

ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. நான் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. அந்தக் கட்டைவிரல் போட்டோவில் எல்லோரும் முகத்தைத்தான் தேடினார்கள், முகம் தெரியவில்லை என்று மூடி வைத்துவிட்டார்கள். கால் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆறு இரண்டாகப் பிரிவது தெரியும். அப்புறம் கிண்ணத்தைக் கொண்டுவந்து சன்னல் பக்கம் வைத்தார்கள். மணி பத்தரை இருக்கும். சாய்த்தபோது குதிரை மின்னியது. கூடவே திரும்பிப் பார்க்கிற அந்தத் தேய்ந்த முகமும் மின்னியது. ரொம்ப லேசாகத்தான், ஆனால் மின்னியது.

இயக்குநர் பேனாவின் மூடியை மாட்டினார்.

முடிவு இதுதான்: அந்த அம்மா வேலைக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். குறிப்பு எழுதாததற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் மட்டும். ஆதாரமில்லாமல் ஒருவர்மேல் திருட்டுப் பழி போட்டதற்காக நான் இன்னும் ஒரு வருஷம் வாசலில். சரியான தீர்ப்புதான்.

உன் அண்ணி அன்று ராத்திரி சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு அப்பளம் கூட வைத்தாள்.

உன் அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை சோதனை அறைப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “ஓட்டுத் தொழிற்சாலையில கிளேஸ் கலக்கறா” என்ற இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷத்தில் என்னை யாரும் சாட்சியாகக் கூப்பிட்டதில்லை.

அந்த அரை நிமிஷத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினீர்கள். அது போதும் எனக்கு.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையை நீங்கள் சொன்னது மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரிடம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மழையில் நிற்காதீர்கள். குடை கேட்டு வாங்குங்கள், வாசலில் நிற்கிறவருக்குக் குடை கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

உங்கள் தங்கச்சி


செப்டம்பர் 21

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். குடை கிடைத்தது. மியூசியத்தின் பெயர் போட்ட பெரிய குடை. கழிப்பறை கேட்கிறவர்களை இப்போது குடையோடு கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன்.

நீ எழுதினது முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் முக்கால்வாசியும் தள்ளிப்போட்டேன். அந்த அம்மா காலையில் வாசல் வழியாக வரும்போது வணக்கம் வைப்பேன். அவரும் தலையை ஆட்டுவார். போன மாதக் கடைசியில்தான், என் வேலை முடிந்த பிறகு, வேலைக்கூடத்து வாசலில் போய் நின்றேன். பெரிய விளக்கின் கீழே உட்கார்ந்து ஏதோ ஓட்டுத் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“மேடம், நான்தான்” என்றேன்.

“உங்க வீட்டுல நீங்க இல்லைன்னு சொன்னாங்க.”

“இருந்தேங்க.”

“தெரியும். திரைக்குக் கீழே கால் தெரிஞ்சுது.”

எனக்குத் தரையில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தையெல்லாம் மறந்துவிட்டது. “தப்பு பண்ணிட்டேன் மேடம். வேணும்னே பண்ணினேன்” என்று மட்டும் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முந்தின கதையையும் சொன்னேன். அவருக்கு அது நினைவே இல்லை. “சொல்லியிருப்பேன். நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

திரும்பினேன். அப்போது கூப்பிட்டார்.

“நில்லுங்க. ஒரு உதவி. நான் இப்ப அந்தக் குறிப்பை எழுதியாகணும். பழைய முகம் எப்படி இருந்ததுன்னு எழுதணும். படம் ஒண்ணும் இல்லை. அதைச் சரியாப் பார்த்தவங்க யாருன்னு யோசிச்சா, உங்களை விட்டா ஆள் இல்லை.”

அடுத்த வாரம் மூன்று நாள், வாசலில் நிற்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அங்கே போனேன். ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். புருவம் இரண்டும் நடுவில் சேரும் என்றேன். சேர்த்தார். இடது கண் வலதைவிட ஒரு மயிரிழை கீழே இருக்கும் என்றேன். “நிஜமாவா?” என்று கேட்டு அழித்து வரைந்தார். வாய் மட்டும் வரவே இல்லை. ஏழு தடவை வரைந்தார். சிரிக்கிறாரா என்றால் இல்லை, சிரிக்கவில்லையா என்றால் அதுவும் இல்லை. எட்டாவது தடவை நான், “சாப்பாடு போட்டுட்டு, எப்படி இருக்குன்னு கேட்கறாங்க. நல்லா இல்லை. ஆனா சொல்ல முடியாது. அந்த வாய்” என்றேன். அவர் ஒரே கோட்டில் போட்டார். மாப்பிள்ளையேதான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அவர் பென்சிலைச் சீவப் போனார்.

கடைசி நாள் அந்தப் படத்தையும் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் நூறு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒரு வியாபாரிக்கு யாரோ ஒரு கூலிக்காரன் பூசின முகம். இன்னொரு பக்கம் நெருப்பிலும் புகையிலும் வெந்து தேய்ந்துபோன நிஜ முகம். பின்னால் எதையோ பார்க்கிறது. யாராவது துரத்துகிறார்களோ, யாரையாவது விட்டுவிட்டு வந்தாரோ, தெரியவில்லை. அதற்கு அழகு இல்லை என்று சொல்லமாட்டேன். பழக வேண்டும்.

மேடம் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “இது குறிப்புல எழுத இல்லை. சும்மா கேக்கறேன். ரெண்டுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஆனால் அந்த அறையில் இனிமேல் பொய் சொல்லக்கூடாது என்று இருந்தது.

“பழசுதாங்க” என்றேன்.

அவர் படத்தை எடுத்துக் கோப்பில் வைத்தார். நாடாவைக் கட்டினார்.

“எனக்கும்தான்” என்றார். “பஞ்சுல அந்தக் கண்ணு கரைஞ்சு வந்தப்பவே தெரிஞ்சுது, போறது நல்ல முகம்னு. பாதியில நிறுத்த முடியாது, முழுசாத் துடைச்சேன். அப்புறம் குறிப்பு எழுத உக்கார்ந்தேன். கை வரலை.”

மணி ஆகிவிட்டது. நான் வாசலுக்கு வந்து குடையை எடுத்துக்கொண்டேன். இன்று மழை இல்லை. உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் அண்ணன்